மூன்று மில்லிமீட்டர்

காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது, கப்பலின் பின்தளத்தில் ஆள் இல்லை என்பது.

கப்பல் கரையிலிருந்து முப்பது அடி தள்ளி, வேங்கிக்கால் ஏரியில் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ரிமோட் என் கையில் இருந்தது. முந்தின இரவு மழை பெய்திருந்ததால் தண்ணீரின் மேல் முழங்கால் உயரத்துக்கு மெல்லிய புகை மாதிரி ஒன்று நின்றது. அதற்கு மேலே எல்லாம் தெளிவாக இருந்தது. மலை, மின்கம்பம், எதிர்க்கரையில் நிறுத்தியிருந்த ஒரு வேன். இரண்டு நிமிடத்துக்கு முன் அந்தப் பின்தளத்தின் இடது ஓரத்தில், கம்பியைப் பிடித்தபடி ஓர் ஆள் நின்றிருந்தார். நீலச் சட்டை. வலது காலை அடிக்கம்பியில் ஊன்றியிருந்தார்.

என் பக்கத்தில் நின்ற பெண் சொன்னார்: "போயிட்டாரு சார்."

ஐந்தே முக்கால் பஸ் போய்விட்டது என்று சொல்லும் குரல்தான் அது.

நான் சொல்லும் ஆளின் உயரம் பதினேழு மில்லிமீட்டர். கப்பலின் நீளம் நூற்று இருபத்தாறு சென்டிமீட்டர், எடை மூன்றே முக்கால் கிலோ. கடலில் ஓடும் ஒரு போர்க்கப்பலை நூறில் ஒரு பங்காகச் சுருக்கி நான் செய்தது. கப்பலின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

செய்தித்தாளில் முப்பது வருடம் வேலை செய்தேன். முதலில் நிருபர், பிறகு செய்திகளைத் திருத்தும் டெஸ்க். ஓய்வு பெற்றபின் வேங்கிக்காலில், அரசு அலுவலகங்களுக்குப் பின்னால் வந்த புது மனைகளில் ஒன்றில் வீடு. மாடியில் ஒரு அறையை எடுத்துக்கொண்டு போர்க்கப்பல் செய்ய ஆரம்பித்தேன். ஏன் போர்க்கப்பல் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. பயணிகள் கப்பலில் ஜன்னல்கள்தான் ஜாஸ்தி. போர்க்கப்பலில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு காரணம் இருக்கிறது; அதைக் கண்டுபிடிப்பதில் எனக்கு ஆர்வம். காரணம் தெரியாத எதையும் நான் ஒட்டுவதில்லை.

முதலில் ஒரு ரோந்துக் கப்பல் செய்தேன். அதை எண்பதில் ஒரு பங்கு அளவில் செய்தேன், கை பழகவில்லை என்பதால் கொஞ்சம் பெரிதாக. இரண்டாவது இந்தக் கப்பல். பால்சா மரப்பட்டைகளால் உடல், மேலே ஃபைபர் பூச்சு, உள்ளே இரண்டு மோட்டார், சுக்கானைத் திருப்ப ஒரு சர்வோ, ரிமோட் சொல்வதைக் கேட்க ஒரு ரிசீவர். பேட்டரியையும் ஈயத் துண்டுகளையும் சரியான இடத்தில் வைத்தால்தான் கப்பல் வரைபடத்தில் உள்ள கோடுவரை தண்ணீரில் இறங்கும். ஒரு துண்டு இடம் மாறினால் போதும், சாய்ந்து நிற்கும். இரண்டு வருடம் ஆனது.

என் மனைவி இதைப் பற்றி ஒரே கருத்தைத்தான் பல விதமாகச் சொல்வாள். "கடல் நூறு கிலோமீட்டருக்கு அந்தாண்ட இருக்குது. இவரு இங்க யுத்தத்துக்குப் போறாரு." கப்பலை அதன் மரத்தொட்டிலோடு தோளில் வைத்து நான் ஏரிக்கு நடக்கும்போது மாடியிலிருந்து கூப்பிடுவாள்: "பாடை மாதிரி தூக்கிட்டுப் போகாதீங்க. பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாக்கறாங்க."

கப்பலில் நான் ஆட்களை வைப்பதில்லை. மாடல் செய்பவர்களில் பாதிப் பேர் வைப்பதில்லை. ஆள் இல்லாத கப்பலைப் பார்த்தால் கண் எதையும் ஒப்பிடாது. ஓர் ஆளை நிறுத்திவிட்டால், பக்கத்தில் உள்ள கதவு அவனுக்குச் சின்னதா, ஏணியின் படி அவன் காலுக்கு எட்டுமா என்று உடனே தெரிந்துவிடும். இதைத் தெரிந்துவைத்திருந்தும் நான் செய்த தவறைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணை நான் சந்தித்தது, கப்பலைத் தண்ணீரில் விட்ட மூன்றாவது நாள். ரிமோட் திடீரென்று வேலை செய்யவில்லை. சிக்னல் போனால் மோட்டார்கள் தானாக நின்றுவிட வேண்டும்; அப்படித்தான் அமைத்திருந்தேன். நிற்கவில்லை. கப்பல் என்னை விட்டு விலகி, ஏரிக்கரையோரமாக எண்பது மீட்டர் தள்ளி நடைப்பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண்ணை நோக்கி நேராகப் போனது. அவர் நின்றார். கப்பல் கரைக்கல்லில் மோதவில்லை. ஒரு முழம் தள்ளிச் சுற்றி, பின்பக்கத்தை அவர் பக்கம் காட்டி நின்றது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது மோட்டார்கள் அணைந்திருந்தன. சுக்கான் நடுவில் இருந்தது. சுக்கான் நடுவில் இருந்தால் கப்பல் சுற்றாது.

அவர் குனிந்து பின்தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. இடது ஓரத்தில் ஓர் இடத்தை விரலால் காட்டினார், தொடவில்லை.

"இங்கதான் சார் நின்னாரு."

"யாரும்மா?"

"எங்க வீட்டுக்காரரு. இது அவர் கப்பல்."

டெஸ்கில் உட்கார்ந்த பழக்கம். யார் சொன்னது, எதில் எழுதியிருக்கிறது என்று கேட்டேன். மறுநாள் கடற்படை அனுப்பிய கடிதத்தின் நகலோடு வீட்டுக்கு வந்தார். கலெக்டர் ஆபீஸில் ஒரு பிரிவில் உதவியாளர். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. கணவர் அதே வகைக் கப்பல் ஒன்றில் எஞ்சின் பிரிவில் இருந்தவர். பதினாலு மாதத்துக்கு முன், ஒரு நாள் விடியற்காலை, கப்பல் நடுக்கடலில் இருந்தபோது காணாமல் போனார். கடிதம் சுருக்கமாக இருந்தது. கடைசியாக அவரைப் பார்த்த மாலுமி, பின்தளத்தின் இடது ஓரத்தில் அவர் நின்றதைப் பார்த்திருக்கிறார். ஒரு கதவைச் சாத்தத் திரும்பியிருக்கிறார். மறுபடி பார்த்தபோது அங்கே ஆள் இல்லை. கடலில் மிதமான அலை. கப்பல் அப்போது வலப்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் தேடியும் உடல் கிடைக்கவில்லை. எப்படி விழுந்தார் என்பது பற்றிக் கருத்து எதுவும் சொல்லப்படவில்லை.

கருத்து சொல்லப்படாததுதான் அந்தப் பெண்ணுக்குப் பிரச்சினை. கணவரின் ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். அங்கே மூத்த அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். உடல் இல்லாததால் முதல் வருடம் யாரும் எதுவும் செய்யவில்லை. இந்த மகாளய அமாவாசைக்குப் படைத்தே ஆக வேண்டும் என்று குடும்பத்தில் முடிவானது. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். இறந்தவர்களுக்கு வீட்டுக்குள், முன்னோர்களோடு சேர்த்து இலை போடுவார்கள். தானாகப் போனவர்களுக்கு, அதாவது உயிரை மாய்த்துக்கொண்டவர்களுக்கு, வாசற்படிக்கு வெளியேதான் இலை. ஒரு முறை வெளியே போட்டால் பிறகு உள்ளே வராது.

"எங்க மாமா கெட்டவரு இல்ல சார்," என்றார். கணவரின் அண்ணனை அவர் மாமா என்பார். "நீதான் கடைசியா போன்ல பேசின, நீயே சொல்லும்மா, உள்ளயா வெளியயான்னு கேக்கறாரு. எனக்கு எப்படித் தெரியும்?"

"போனில் என்ன சொன்னார்?"

"தூக்கமே வர்லன்னாரு. எஞ்சின் சத்தம் ஜாஸ்தின்னாரு. எங்க அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு லீவு கிடைச்சிடும்னாரு." கடிதத்தை மடித்தபடி, "இதுல எத எடுத்துக்கறது?" என்றார்.

பிறகுதான் கேட்டார், கப்பலில் ஓர் ஆளை வைத்துக் காட்ட முடியுமா என்று.

நான் மறுத்திருக்க வேண்டும். கப்பலை நூறில் ஒரு பங்காகச் சுருக்கலாம். தண்ணீரைச் சுருக்க முடியாது. காற்றைச் சுருக்க முடியாது. பொம்மைக்குக் கால் வழுக்காது, தலை சுற்றாது, அதற்குக் காரணமும் கிடையாது. இதை அவரிடம் சொல்லவும் சொன்னேன், ஒரே வாக்கியத்தில். செய்தியின் கடைசிப் பத்தியில் போடுகிற எச்சரிக்கை மாதிரி. அந்தப் பத்தியை யாரும் படிப்பதில்லை என்பது போட்டவனுக்குத் தெரியும்.

கணவரின் உயரம் ஐந்தடி ஏழு அங்குலம். நூற்று எழுபது சென்டிமீட்டர். செப்புக்கம்பியில் உடல், அதன்மேல் புட்டி மாவு. எப்படி நிற்பார் என்று கேட்டேன். அந்தப் பெண் எழுந்தார். என் நாற்காலியின் முதுகைக் கம்பியாக வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து, வலது காலைத் தூக்கி நாற்காலியின் குறுக்குச் சட்டத்தில் ஊன்றினார். முழங்கால் வலி, அதனால் எங்கே நின்றாலும் இப்படித்தான் நிற்பார் என்றார். தலை சற்று இடப்பக்கம் சாய்ந்தது. தோள் அகன்றது. டீ கொண்டு வந்த என் மனைவி கதவருகிலேயே நின்றுவிட்டாள். அந்தப் பெண் உட்கார்ந்தபிறகுதான் உள்ளே வந்தாள்.

அன்று மாலை என்னிடம் கேட்டாள். "அந்தம்மா அங்க நிக்கறப்போ ஆம்பள மாதிரி தெரிஞ்சுதே, உங்களுக்கும் தெரிஞ்சுதா?"

தெரிந்தது என்றேன்.

"இந்தக் கப்பல் வேணாங்க. வேற செய்யுங்க. படகு செய்யுங்க. வாத்து செய்யுங்க."

ஆளைச் செய்து முடித்துப் பின்தளத்தில் நிறுத்தினேன். காலில் பசை தடவப்போனபோது அந்தப் பெண் தடுத்தார். "ஒட்டாதீங்க சார். அவர யாரும் ஒட்டி வைக்கல." அடியில் ஒரு துளி மெழுகு மட்டும் வைத்தேன், நிற்பதற்கு. அப்போது அவர் ஒரு கேள்வி கேட்டார். "ஒவ்வொரு கம்பியும் அளவுதானே சார்?"

"அளவுதாம்மா," என்றேன். மில்லிமீட்டர் அளக்கும் வெர்னியர் மேஜையின் மேல்தான் இருந்தது. கையை நீட்டவில்லை.

முதல் நாள் காலை ஏரியில் அலையே இல்லை. கப்பலை முழு வேகத்தில் விட்டுச் சட்டென்று திருப்பினேன். சாய்ந்தது, நிமிர்ந்தது. ஆள் அசையவில்லை. இரண்டாவது நாள் கொஞ்சம் காற்று. எட்டு முறை திருப்பினேன், கடிதத்தில் இருந்தபடி வலப்பக்கமாக. ஆள் நின்றார். கப்பலைக் கரைக்குக் கொண்டுவந்தபோது அந்தப் பெண் கல்லின் மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணைத் தளத்தின் மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"கம்பி நெஞ்சு வரைக்கும் வருது சார்."

நானும் பார்த்தேன். வந்தது.

"நெஞ்சு வரைக்கும் கம்பி இருந்தா ஆள் எப்படி சார் விழுவாங்க? ஏறிப் போனாத்தான் உண்டு."

அது எனக்கும் சரியாகப் பட்டது. இன்னொரு முறை பார்க்கலாம் சார் என்றார். அதனால்தான் மூன்றாவது நாள் வந்தோம். அன்று ஆறு பத்துக்கு ஆள் இல்லை.

நானும் பார்த்துக்கொண்டிருந்தேன், அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். இருவருமே அந்த ஆள் போனதைப் பார்க்கவில்லை. தண்ணீரில் வளையம் எழவில்லை. கப்பலைக் கரைக்கு இழுத்துத் தளத்தை விரலால் தடவினேன். மெழுகுத்துளி அங்கே இருந்தது. அதில் ஒரு காலின் தடம் மட்டும் இருந்தது, இடது காலின் தடம்.

அந்தப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டார். "தேங்க்ஸ் சார். எனக்குப் போதும்," என்றார். அன்றே அரை நாள் லீவு போட்டுக் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

ஒரு சிறு ஸ்டாண்டில் போனை வைத்து மூன்று நாளும் படம் எடுத்திருந்தேன். வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் படத்தை மெதுவாக ஓட்டினேன். கப்பல் திரும்புகிறது. ஆள் நிற்கிறார். இடப்பக்கத்திலிருந்து ஒரு நீர்க்காகம் தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கி, கப்பலுக்கும் போனுக்கும் நடுவே ஒரு நொடி நீந்துகிறது. அது கடந்ததும் தளம் காலியாக இருக்கிறது. அந்தப் பறவை அங்கே வந்ததே எனக்கு நினைவில்லை. அந்தப் பெண்ணுக்கும் நினைவிருக்காது என்றே நினைக்கிறேன். படத்தைப் பதினோரு முறை பார்த்தேன். ஏன் அப்போது கதவைச் சாத்தத் திரும்பினோம் என்று அந்த மாலுமி தன்னைத் தானே எத்தனை முறை கேட்டிருப்பார் என்று யோசித்தேன்.

இன்னோர் ஆளைச் செய்து, எங்கே எப்படி வழுக்கினார் என்று பார்க்க நினைத்தேன். அடிக்கம்பிக்கும் தளத்துக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு என்று பார்ப்பதற்காக வெர்னியரை எடுத்தேன். இடைவெளி ஆறு மில்லிமீட்டர். ஒரு பொம்மை கால் வழுக்கி அடியில் நுழைந்து போகப் போதும். நிஜக்கப்பலில் அந்த இடைவெளி அவ்வளவு பெரிதாக இருக்காதே என்று தோன்றியது. கம்பியின் முழு உயரத்தை அளந்தேன்.

பதினாலு மில்லிமீட்டர்.

வரைபடத்தை விரித்தேன். நிஜக்கம்பியின் உயரம் நூற்றுப் பத்து சென்டிமீட்டர். நூறில் ஒரு பங்கு என்றால் பதினொன்று. முன்தளத்தில் அளந்தேன்: பதினொன்று. நடுவில்: பதினொன்று. பின்தளத்தில் மட்டும் பதினாலு.

அதன் பிறகு நினைவு வந்தது. கம்பியைத் தாங்கும் பித்தளைக் கால்களை நானே கடைந்து சால்டர் வைத்தேன். பின்தளத்துக்கு வந்தபோது இருபத்திரண்டு கால்கள் குறைந்தன. மேஜை இழுப்பறையில் ரோந்துக் கப்பலுக்குச் செய்து மீந்தவை இருந்தன. அந்தக் கப்பல் எண்பதில் ஒரு பங்கு. அதன் கால் இதற்குப் பெரியது. ஒரே பித்தளை, ஒரே வடிவம். ஆள் இல்லாத தளத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை. மாடல் செய்பவன் மட்டுமே செய்யக்கூடிய தவறு. நான் செய்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ரேடியோ கேட்டுக்கொண்டே.

பதினொன்று என்றால் கம்பி அவர் இடுப்புக்குச் சற்று மேலே வரும். பதினாலு என்றால் நெஞ்சு. இடுப்பு என்றால் விழலாம். நெஞ்சு என்றால் ஏற வேண்டும்.

பத்திரிகையில் தவறு வந்தால் திருத்தம் போடுவோம். முதல் பக்கத்தில் வந்த தவறுக்கு ஐந்தாம் பக்கத்தில், விளம்பரத்துக்கு மேலே, சின்ன எழுத்தில் இரண்டு வரி. படித்தவர்கள் எல்லோரும் திருத்தத்தையும் படிக்க மாட்டார்கள். அதற்குள் அவர்கள் அதை யாரிடமாவது சொல்லி முடித்திருப்பார்கள். என் கையால் எத்தனையோ திருத்தங்கள் போட்டிருக்கிறேன். நேரில் போய்ச் சொன்னதில்லை.

மூன்று நாள் கழித்து, மாலை ஐந்தரைக்கு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அந்த மூன்று நாளும் புதுக் கால்கள் செய்து மாற்றிக்கொண்டிருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மாற்றியது ஒரு நாளில் முடிந்துவிட்டது.

சொன்னேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். கடைசிவரை மடித்தார்.

"நான் மாமாகிட்ட சொல்லிட்டேனே சார்."

"என்ன சொன்னீங்க?"

"அவராத்தான் போனாருன்னு. வெளியவே போட்டுடுங்கன்னு."

"அதைத்தான் மாத்திச் சொல்லணும்."

"இப்ப என்ன சார், விழுந்தாருங்கிறீங்களா?"

"விழுந்திருக்கலாம்னு சொல்றேன். விழாமலும் இருந்திருக்கலாம். என் கப்பல் ரெண்டையும் சொல்லாது. அது சொன்ன மாதிரி இருந்தது என் தப்பு."

அவர் மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டு வந்தார்.

"மூணு நாளா நல்லாத் தூங்கறேன் சார். பதினாலு மாசத்துல இப்பத்தான். தெரிஞ்சிடுச்சுன்னு தூங்கினேன்." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "நீங்க வராமயே இருந்திருக்கலாம்."

சரி, மாமாகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க, நான் கூட வர்றேன் என்றார்.

சனிக்கிழமை ஒரு வேன் பிடித்துப் போனோம். ஊரை விட்டுத் தள்ளி, நிலத்தின் நடுவே வீடு. மல்லாட்டை பிடுங்கி, நிலக்கடலைக் காய்களை வாசலில் காயப் போட்டிருந்தார்கள். அண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் கப்பலைத் தொட்டிலோடு இறக்கியதும் சுற்றி வந்து பார்த்தார்.

"இன்னா சார், பொம்மைக் கப்பல வச்சிக்கினு என் தம்பி செத்த கதைய சொல்ல வந்தீங்களா?"

"தப்பைச் சொல்ல வந்தேன்."

"யாரு தப்பு?"

"என்னுது."

முழுவதும் கேட்டார். முடிந்ததும் தம்பி மனைவியைக் காட்டினார். "அன்னிக்கி வந்து இது சொல்லுது, வெளிய போடுங்க மாமான்னு. நான் ரெண்டு நாள் சோறு துன்னல. இன்னிக்கி நீங்க வந்து மூணு மில்லிமீட்டருங்கிறீங்க. சார், நாங்க மூணு அடி வரப்புக்கு கோர்ட்டுக்குப் போன ஜனம். மூணு மில்லிக்குப் போனதில்ல." அவரே கொஞ்சம் சிரித்தார். பிறகு, "நெஜக் கம்பி எவ்ளோ ஒசரம்?" என்றார்.

"நூத்திப் பத்து சென்டிமீட்டர்."

வேன் டிரைவரிடம் டேப் வாங்கினார். வீட்டுக்குப் பின்னால் கிணறு. சுற்றுச்சுவரை அளந்தார், தொண்ணூற்றெட்டு. அதன்மேல் ஒரு செங்கல்லை வைத்தார், நூற்று ஆறு. கோணிப்பையை நான்காக மடித்து அதன்மேல் போட்டார். "போதும்," என்று டேப்பைச் சுருட்டினார்.

பிறகு போய் அந்த இடத்தில் நின்றார். இரண்டு கையாலும் கோணியைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குள் பார்த்தார். தம்பியும் அவரும் ஒரே உயரம் என்று அந்தப் பெண் வரும் வழியில் சொல்லியிருந்தார். பகல் பதினொன்றேகால். வெயில் நேராக விழுந்தது. கிணற்றடியில் ஒரு புறா கூட இல்லை. சற்று நேரம் கழித்து, சுவரில் துருத்திக்கொண்டிருந்த ஒரு கல்லின் மேல் வலது காலைத் தூக்கி ஊன்றினார். தலை இடப்பக்கம் சாய்ந்தது.

யாரும் அவரிடம் அப்படி நிற்கச் சொல்லவில்லை. நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம், மல்லாட்டைக் கொடி பிடுங்கிய வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நின்னா விழ மாட்டான்," என்றார் அண்ணன். கிணற்றுக்குள் பார்த்தபடியேதான் சொன்னார். பிறகு, "குனிஞ்சா விழுவான்."

கிணற்றுக்குள்ளிருந்து அந்தக் கடைசி வார்த்தை திரும்பி வந்தது. நான் எதிர்பார்த்த நேரத்தைவிடக் கொஞ்சம் தாமதமாக வந்தது. அவர் காலை இறக்கினார். செங்கல்லை எடுத்துச் சுவரோரம் போட்டார். கோணியை உதறினார்.

"மா, இப்ப நீ சொல்லு," என்றார் தம்பி மனைவியிடம். "உள்ளயா, வெளியயா?"

"எனக்குத் தெரியல மாமா."

"எனக்குந் தெரில. தெரியாதவனுக்கு என்னா வழக்கம்னு எங்கப்பன் சொல்லிட்டுப் போகல."

திரும்பி வரும்போது வேனில் கப்பல் எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவே இருந்தது. ஊருக்குள் நுழையும் இடத்தில் அவர் ஒரு முறை கையை நீட்டி, பின்தளத்துக் கம்பியின் புதுக் கால் ஒன்றைத் தொட்டார். பெயின்ட் இன்னும் முழுதாகக் காயவில்லை. விரல் நுனியில் ஒட்டியதைத் துடைக்காமல் அப்படியே இறங்கிப் போனார்.

மகாளய அமாவாசையன்று வரச்சொல்லி அண்ணனே போன் செய்தார். மனைவியும் நானும் போனோம். பதினொன்று நாற்பதுக்கு வீட்டை அடைந்தோம். படையல் முடிந்திருந்தது. கூடத்தில் முன்னோர்களின் படங்களுக்கு முன்னால் இலைகள் வரிசையாக இருந்தன. கடைசி இலைக்கு முன்னால், சீருடையில் எடுத்த ஒரு படம் புதிதாக இருந்தது. வடை, எள்ளுருண்டை, ஒரு பாக்கெட் பிஸ்கட். அண்ணன் நெற்றியில் விபூதியோடு வந்து எங்களை உட்காரச் சொன்னார்.

"உள்ள போட்டாச்சு சார். நான்தான் போட்டேன்," என்றார்.

சாப்பிட்டோம். கை கழுவப் பின்பக்கம் போகாமல் முன்பக்கம் வந்தேன். வாசற்படிக்கு வெளியே, இடது ஓரத்தில், இன்னோர் இலை இருந்தது. அதிலும் வடை, எள்ளுருண்டை, ஒரு பாக்கெட் பிஸ்கட். அதைப் போட்டது அந்தப் பெண்.